இடது தோளில் ஒரு தழும்பு: பிசிஜி ஊசியும் செங்கல்பட்டுச் சோதனையும்

பிறந்த குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன் அதன் இடது தோளில் போடப்படும் பிசிஜி ஊசி, போட்ட அன்று பெற்றோருக்கு எந்தக் கவலையையும் தருவதில்லை; ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து, எல்லோரும் அந்த ஊசியை மறந்துவிட்ட நேரத்தில், அவ்விடம் சிவந்து தடித்துச் சீழ் கோத்துக்கொள்ளும்போதுதான் கவலை தொடங்குகிறது. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை என்று கைக்குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பல. அவற்றுள் இந்தப் புண்ணைப் பற்றிய கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் வரலாறு மிகப் பெரியது என்பதோடு, அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி செங்கல்பட்டின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது.

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரை ஊர்களானாலும், செங்கல்பட்டு நகரானாலும், குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிகள் பெரும்பாலும் துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ ஒரு புதன்கிழமையில் போடப்படுகின்றன. தொடைகளில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் நிமோனியாத் தடுப்பூசியும், வலது தோளில் தோலுக்குள் செலுத்தப்படும் போலியோ ஊசியும், வாய்வழிச் சொட்டு மருந்துகளும் என ஒரே நாளில் பலவும் தரப்படும் அந்த வாரத்திலேயே இடது தோளின் பழைய ஊசியிடம் புடைத்து உடைவதால், புதிதாகப் போட்ட ஊசிதான் 'பழுத்துவிட்டது' என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவுகட்டுவது இயல்பே. எந்தத் தோள் என்று ஒரு நிமிடம் நினைவுபடுத்திப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக் குழப்பம், இவ்வளவு தாமதமாக ஏன் புண் வருகிறது என்பது.

பிசிஜி என்பது உயிருள்ள கிருமிகளைக் கொண்ட காசநோய்த் தடுப்பூசி. மாடுகளுக்குக் காசநோய் தரும் பாக்டீரியாவை ஃபிரான்சின் ஆல்பர்ட் கால்மெட், காமில் கேரன் ஆகிய இருவரும் 1908இல் தொடங்கி 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, நோய் உண்டாக்கும் வலிமையை அது இழக்கும்வரை கொண்டுவந்து உருவாக்கியது அது. 1921இல் பாரிசில் முதன்முதலாக அதைப் பெற்றதும் ஒரு பச்சிளங்குழந்தையே: தாய் காசநோயால் இறந்துவிட, காசநோயுள்ள பாட்டியின் வீட்டில் வளர வேண்டியிருந்த குழந்தை அது. இந்தப் பாக்டீரியாவின் இயல்பு, மிக மெதுவாகப் பெருகுவது. வயிற்றுப்போக்கைத் தரும் பல கிருமிகள் அரை மணி நேரத்திற்குள் இரட்டிக்க, காசநோய்க் குடும்பத்துக் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கிறது. தோலுக்குள் விடப்பட்ட இலட்சக்கணக்கான கிருமிகள் இவ்வாறு மெல்லப் பெருகிக்கொண்டிருக்க, தோலில் காவல் இருக்கும் செல்கள் அவற்றில் சிலவற்றைக் கவ்வி அக்குளிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கே டி-செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் அக்கிருமியின் அடையாளத்தைப் பழகிக்கொண்டு, பெருகி, ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பிவந்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன. இந்தச் சூழ்தலே வெளியே தெரியும் தடிப்பு.

ஆகவே காலக்கணக்கு ஓரளவு நிலையானது. ஊசி சரியாகத் தோலுக்குள் இறங்கியிருந்தால் முதல் நாளிலேயே ஒரு சிறு வெண்கொப்புளம் எழுந்து, அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஒரு சிறு முண்டு தோன்றி, ஐந்தாறு வாரங்களில் நான்கு முதல் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, உடைந்து, மேலோட்டமான புண்ணாகிச் சிறிது கசிந்து, பொருக்குத் தட்டி உலர்ந்து, மூன்று மாதத்திற்குள் பெரும்பாலும் ஆறித் தழும்பாகிவிடுகிறது. இந்தப் புண்ணுக்கு மருந்து தேவையில்லை. மஞ்சள், சாம்பல், எண்ணெய், கடையில் விற்கும் களிம்பு எதுவும் தேவையில்லை. பிதுக்கிச் சீழை எடுப்பது தேவையில்லை என்பதோடு தீங்கும் கூட. வழக்கம்போல் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்துவிட்டு, தளர்ந்த சட்டை போட்டுவிட்டால் போதும். இதைத் தடுப்பூசி போடும் செவிலியர் ஒரே வாக்கியத்தில் அன்றே சொல்லிவிட முடியும். பிரசவ அயர்ச்சியில் அது தாயின் காதில் விழுந்திருக்குமா என்பது வேறு.

கவலைப்பட வேண்டிய வேளைகளும் உண்டு. சில குழந்தைகளுக்கு இடது அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ நெறி கட்டும். கட்டி சிறியதாக, வலியின்றி, காய்ச்சலின்றி இருந்தால் அது கிருமி நிணநீர்க் கணுவை எட்டியதன் அறிகுறியே, பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரையும். கட்டி பெருத்து, மேல்தோல் சிவந்து பளபளத்து, தொட்டால் மெத்தென்று அசைந்தால் உள்ளே சீழ் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதை மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பதுண்டு, கத்தியால் கீறித் திறந்துவிட்டால் ஆறுவது நீளக்கூடும். புண் மூன்று மாதத்திற்குப் பின்னும் ஆறாமல் பரவினாலோ, குழந்தை எடை ஏறாமல் அடிக்கடி கடும் தொற்றுக்கு உள்ளானாலோ, நோயெதிர்ப்பு ஆற்றல் பிறவியிலேயே குறைந்திருக்கும் அரிதான நிலைகளை மருத்துவர் எண்ணிப்பார்க்க வேண்டும். அத்தகைய குழந்தைகளுக்கு, வலுவிழந்த இந்தக் கிருமியே உடலெங்கும் பரவி உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே முன் பிறந்த குழந்தை ஏதேனும் காரணம் தெரியாத தொற்றால் கைக்குழந்தையாக இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பிசிஜி போடுமுன் அதை மருத்துவரிடம் சொல்வது கட்டாயம். தழும்பே வராத குழந்தைகளும் இருக்கிறார்கள். அதற்காக மறுபடி ஊசி போட வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

புண்ணைப் பற்றிய கேள்வி முடிந்ததும், கொஞ்சம் படித்த பெற்றோர் கேட்கும் அடுத்த கேள்வி கடினமானது: காசநோயாளிகள் இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில் எல்லோருக்கும் போடப்பட்டும் நோய் குறையவில்லையே, இந்த ஊசியால் பயன்தான் என்ன? உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதால் இது குதர்க்கமான கேள்வி ஆகாது. தமிழகத்தில் இதை உரக்கக் கேட்டவர்களுள் முதன்மையானவர் ராஜாஜி. 1948இல் கிண்டியில் பிசிஜி தயாரிப்புக்கூடம் நிறுவப்பட்டு, 1951 முதல் நாடெங்கும் பெருந்திரளாக ஊசி போடப்பட்ட பின்னணியில், முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த அவர் 1955இல் அதை எதிர்த்துத் துண்டு நூல் எழுதினார். நலமான குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமிகளை அரசே செலுத்துவது சரியா என்பது அவர் எழுப்பிய வினா. அந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லவும் முடியாது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஆய்வுக்கூடத் தவறால், அன்று வாய்வழியே தரப்பட்ட பிசிஜி மருந்தோடு வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட, அதை உண்ட 250க்கும் மேற்பட்ட சிசுக்களில் 70க்கும் மேற்பட்டவை இறந்தன. தடுப்பூசியின் குற்றம் அன்று அது, தயாரிப்புக்கூடத்தின் குற்றம் என்று பின்னர் நிறுவப்பட்டாலும், அச்சம் வேரூன்றிவிட்டது.

அறிவியலாளர்களிடையேயும் ஒத்த கருத்து இருக்கவில்லை. பிரிட்டனில் பதின்மவயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு காட்டியது. அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களிலும் புவர்ட்டோ ரிக்கோவிலும் நடத்தியவை மிகக் குறைந்த பாதுகாப்பையே காட்டின. முரண்பாட்டைத் தீர்க்க வேண்டி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் சோதனையைத் தொடங்கின. இங்கே ஒரு சிறு விளக்கம் வேண்டும். அன்றைய மாவட்டம் மிகப் பரந்தது. சோதனை நடந்தது திருவள்ளூரையும் அதை ஒட்டிய ஒன்றியங்களையும் சார்ந்த 209 கிராமங்களிலும் சில நகரங்களிலும். அம்மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்து, 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் உருவானதால், சோதனைக் களம் இப்போது செங்கல்பட்டில் இல்லை. பெயர் மட்டும் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது.

சோதனையின் அமைப்பு இன்றைக்கும் வியக்கத்தக்கது. ஒரு மாத வயதைக் கடந்த அனைவரும் தகுதி பெற்றவர்கள்; யாருக்கு உண்மையான ஊசி, யாருக்கு மருந்தில்லாத போலி ஊசி என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது; அது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பாரிஸ், கோபன்ஹேகன் என இரண்டு கிருமி வகைகள், இரண்டு அளவுகள் பயன்பட்டன. மொத்தம் 2,81,161 பேர் ஊசி பெற்றனர். அவர்களுள் தோல் சோதனையிலும் எக்ஸ்ரேயிலும் காசநோய்த் தொற்றே இல்லை என்று உறுதியான 1,09,873 பேரைத்தான் தடுப்பூசியின் ஆற்றலை அளக்கும் முதன்மைக் குழுவாகக் கொண்டனர். ஏற்கெனவே தொற்று உள்ளவரிடம் தடுப்பு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை அல்லவா? அதன்பின் பதினைந்து ஆண்டுகள், மீண்டும் மீண்டும் அதே கிராமங்களுக்குச் சென்று, எக்ஸ்ரே எடுத்து, ஐயமுள்ளோரின் சளியைச் சோதித்து, புதிய நோயாளிகளை எண்ணினர்.

முதல் முடிவுகள் 1979இல் வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. ஊசி பெற்றவரிடமும் போலி ஊசி பெற்றவரிடமும் நுரையீரல் காசநோய் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. 1999இல் வெளியான பதினைந்தாண்டு அறிக்கை இன்னும் தெளிவாகச் சொன்னது: வயது வந்தவர்களுக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை, குழந்தைகளாக ஊசி பெற்றவர்களிடம் பாதுகாப்பு 27 விழுக்காடு. அந்த 27கூட உறுதியானதன்று. புள்ளியியல் கணக்கின்படி உண்மை மதிப்பு 50 விழுக்காடாகவும் இருக்கலாம், சுழிக்குக் கீழேயும் இருக்கலாம். இத்தகைய எண்ணைக் காட்டி 'ஊசி வேலை செய்கிறது' என்றோ 'வேலை செய்யவில்லை' என்றோ அடித்துச் சொல்பவர் அறிக்கையைப் படிக்கவில்லை என்று கொள்ளலாம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பல விளக்கங்கள் தரப்பட்டன. அவற்றுள் வலுவானது, மண்ணையும் நீரையும் பற்றியது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் பெரும்பாலும் நோய் தராத பல பாக்டீரியாக்கள் வெப்ப மண்டலத்தின் குளங்களிலும் வயல்களிலும் வீட்டுத் தூசியிலும் மலிந்து கிடக்கின்றன. சோதனைப் பகுதியில் பதின்ம வயதைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பான்மையோரின் உடல் அவற்றை ஏற்கெனவே சந்தித்துப் பழகியிருந்ததைத் தோல் சோதனைகள் காட்டின. அந்தப் பழக்கமே ஓரளவு பாதுகாப்பைத் தந்துவிட்டால், ஊசி கூடுதலாகத் தருவது கண்ணுக்குத் தெரியாது. அல்லது முன்பே பழகிய உடல், ஊசிக் கிருமி வேரூன்றுமுன் அதை அழித்துவிட்டால், ஊசி செய்ய வேண்டிய வேலையே நடக்காது. முதல் விளக்கத்தைப் போர்வை என்றும் இரண்டாவதைத் தடை என்றும் ஆய்வாளர் அழைக்கின்றனர். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு, பெற்றோருக்கு அதுவே முக்கியம்: பிறந்த அன்று குழந்தையின் உடல் அந்த மண்ணையும் நீரையும் இன்னும் சந்தித்திருக்காது.

செங்கல்பட்டுச் சோதனை கேட்ட கேள்வியும் பெற்றோர் கேட்கும் கேள்வியும் ஒன்றல்ல என்பது இங்கேதான் தெளிவாகிறது. சோதனை எண்ணியது சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோயை. கைக்குழந்தை சளியைக் காறித் துப்பாது, விழுங்கிவிடும். சோதனையில் பிறந்த குழந்தைகள் இல்லை, ஓராண்டுக்கு உட்பட்டவர்களும் மொத்தத்தில் சிறு பகுதியே. குழந்தையைக் கொல்லும் காசநோய் வேறு வடிவம் கொண்டது. வயது வந்த ஒருவர் கிருமியைச் சுவாசித்தால், பெரும்பாலும் அவரது நுரையீரலில் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து சிறு முடிச்சுக்குள் பூட்டிவிடுகின்றன. பல பத்தாண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும், அது அங்கேயே அடங்கிக் கிடக்கும். ஓராண்டு நிரம்பாத குழந்தையின் வெள்ளணுக்கள் அந்தப் பூட்டைப் போடும் அளவுக்கு இன்னும் பழகியிருக்காததால், கிருமி இரத்தத்தின் வழியே மூளையுறைக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவ வாய்ப்பு அதிகம். பிசிஜியும் மருந்துகளும் இல்லாத காலத்துப் பதிவுகளைத் திரட்டிய ஆய்வாளர்கள், முதல் வயதுக்குள் தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நோயுற்றனர் என்றும், 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு மூளையுறைக் காசமோ உடலெங்கும் தினையளவு முடிச்சுகளாகப் பரவும் காசமோ வந்தது என்றும், ஐந்து முதல் பத்து வயதுக்குள் தொற்றியவரிடம் இவ்வகை அரை விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் கணக்கிட்டுள்ளனர்.

இந்தப் பரவும் வகைகளைத் தடுப்பதில்தான் பிசிஜி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்தியா உட்படப் பல நாடுகளில், நோயுற்ற குழந்தைகளையும் நோயற்ற குழந்தைகளையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பு 70 விழுக்காட்டையும் தாண்டுகிறது. 2002ஆம் ஆண்டில் உலகெங்கும் போடப்பட்ட ஏறத்தாழ பத்துக் கோடி ஊசிகள், ஐந்து வயதுக்குள் வரக்கூடிய சுமார் 30,000 மூளையுறைக் காச நோய்களையும் 11,000 தினைவகைக் காச நோய்களையும் தடுத்திருக்கும் என்பது 2006இல் வெளிவந்த மதிப்பீடு. இவ்வெண்கள் சோதனையின் முடிவை மறுப்பன அல்ல. பெரியவரின் நுரையீரல் காசத்தைத் தடுக்காத ஊசியால் ஊரில் நோய் பரவுவது குறையாது, ஏனெனில் பரப்புபவர்கள் பெரியவர்கள். ஆனால் பரவிய நோய் தொட்டிலை எட்டும்போது அது மூளைக்குப் போகாமல் அந்த ஊசி பெரும்பாலும் காக்கும். இரண்டு உண்மைகளும் ஒரே தழும்புக்குள் இருக்கின்றன. இதற்கப்பால், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்தியத் தொழுநோய் ஆய்வு நிலையம் இருக்கும் இப்பகுதிக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் உண்டு: தொழுநோய்க் கிருமியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததால், பிசிஜி அதற்கெதிராகவும் ஓரளவு காக்கிறது, தென்னிந்தியாவில் நடந்து 1998இல் வெளியான தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையில் அந்த அளவு 34.1 விழுக்காடு.

அண்மைக்காலத்தில் வேறொரு நம்பிக்கையும் கிளம்பியது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு உடனே பிசிஜி போட்டபோது, காசநோயோடு தொடர்பில்லாத பிற தொற்றுகளால் ஏற்படும் இறப்பும் குறைந்ததாக டேனிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதே முயற்சியைப் புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடம், வேறொரு கிருமி வகையைக் கொண்டு செய்து பார்த்தபோது அந்தப் பயன் தென்படவில்லை என 2019இல் தெரியவந்தது. பிசிஜியைப் பொறுத்தவரை ஓரூரின் முடிவை இன்னோரூருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதற்கு இது மற்றொரு சான்று.

தடுப்பூசித் தயாரிப்பிலும் இவ்வட்டாரத்துக்கு ஒரு பங்கு வந்திருக்க வேண்டும். 2008இல் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டதால் எழுந்த தட்டுப்பாட்டுக்குப் பின், திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் கட்டப்பட்டது. கோவிட் இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்திலும் அது உற்பத்தியின்றிக் கிடந்ததால், தமிழக அரசு அதைக் குத்தகைக்குக் கேட்டு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டியதாயிற்று. பெற்றோரின் நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு பேசும் நாட்டில் இது நாணத்தக்க செய்தி.

நடைமுறையில் இந்த வரலாறு பெற்றோரின் கவனத்தைக் குழந்தையின் தோளிலிருந்து வீட்டிலுள்ள பெரியவரின் நெஞ்சுக்குத் திருப்ப வேண்டும். கைக்குழந்தைக்குக் காசநோய் தெருவில் விளையாடி வருவதில்லை. தூக்கிக் கொஞ்சும் தாத்தா, கூடப் படுக்கும் தாய் தந்தை, ஒரே அறையில் உறங்கும் சித்தப்பா ஆகியோரின் இருமலிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், அவரது சளியைச் சோதிப்பது குழந்தைக்கான மருத்துவமே. குழந்தையிடம் கவனிக்க வேண்டியவை, இரண்டு வாரத்திற்கு மேல் விடாத காய்ச்சல் அல்லது இருமல், வளர்ச்சி அட்டையில் கோடு மேலேறாமல் படுத்துவிடுவது, விளையாட்டில் நாட்டமின்மை. இவற்றோடு வாந்தி, காரணமற்ற எரிச்சல் அழுகை, மயக்கம்போன்ற தூக்கம், உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை விழுங்கிய சளியை வெறும் வயிற்றில் மெல்லிய குழாய் வழியே எடுத்து, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் கருவியில் சோதிக்கும் வசதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் உறுதியானால், அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் பரிசோதிக்கப்பட்டு, நோய் இல்லை என்று தெரிந்தபின், எடைக்கேற்ற அளவில் ஐசோனியசிட் மாத்திரை நாள்தோறும் ஆறு மாதங்கள் பெற வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. மாத்திரை இலவசம், தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. நலமாக இருக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் மாத்திரையா என்று தயங்கும் குடும்பங்களே மிகுதி. இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவோரும் உண்டு. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே, 'அதுதான் பிறந்தபோதே ஊசி போட்டாயிற்றே' என்பது. விதியில் பிசிஜி போட்ட குழந்தைக்கு விலக்கு எதுவும் தரப்படவில்லை.